தம்பி திருத்திய பக்கம்

இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாமல் இங்கிலீஷ் அச்சு வேலை முழுக்கச் செய்து கொடுத்த ஆள், எனக்குத் தெரிந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் ஒருத்தன்தான். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலி லயத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், ஒன்றரை வருஷம் தமிழ் படித்ததோடு என் படிப்பு முடிந்தது. மற்றதெல்லாம் ஈய அச்செழுத்தில் படித்தது. கிள்ளானில் ஒரு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்து, எழுத்துக் கோக்கிற வேலைக்கு ஏறி, பிறகு கோலாலம்பூருக்கு வந்து, ஒரு துரை வேண்டாமென்று விட்டுப்போன, காலால் மிதித்து ஓட்டுகிற அச்சு இயந்திரத்தை வாங்கி, சொந்தமாகப் பலகை மாட்டினேன். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை.

இங்கிலீஷ் தெரியாமல் எப்படிக் கோப்பாய் என்று கேட்பார்கள். தெரியாததால்தான் நன்றாகக் கோத்தேன். எழுத்து என்பது எனக்கு ஒரு உருவம், அந்த உருவத்துக்குக் கேஸ் என்கிற மரத்தட்டில் ஒரு பெட்டி. கையெழுத்துத் தாளை முன்னால் சாய்த்து வைத்து, ஒவ்வொரு உருவமாகப் பார்த்து, அந்தந்தப் பெட்டியில் கை வைத்து எடுத்து, இடது கையில் இருக்கிற ஸ்டிக் என்கிற சின்ன இரும்புச் சட்டத்தில் அடுக்க வேண்டியதுதான். இங்கிலீஷ் தெரிந்தவன் பாதி வார்த்தையைப் பார்த்ததும் மீதியைத் தன் மனசிலிருந்து போட்டுவிடுவான், அங்கேதான் தப்பு வரும். என் மனசில் ஒன்றும் இல்லை. அதனால் என் கையில் தப்பு வந்ததில்லை. தோட்டத்து நோட்டீஸ், கடைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை என்று எத்தனையோ வேலை போயிருக்கிறது. ஒரு எழுத்து பிசகு என்று ஒருத்தரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

இப்போது தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தோட்டத்துக் காய்ச்சலில் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போனார்கள். எனக்குப் பதினைந்து, அவனுக்கு ஆறு. கங்காணி அவனையும் கொஞ்ச நாளில் பால்மரத்துக்கு அனுப்பலாம் என்றார். நான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கிள்ளான் டவுனுக்கு நடந்தேன். அவனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். என் கை எழுத்துக் கழுவிய கை; அவன் கையில் மை படிந்தால் அது பேனா மையாக மட்டும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படியே ஆயிற்று. செந்தூல் ரயில் பட்டறை ஆபீஸில் கிராணியானான், கணக்கு எழுதுகிற குமாஸ்தா. வெள்ளைக் கோட்டு, கழுத்துப் பட்டை. என் அச்சுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வீட்டில் என்னோடும் என் மனைவியோடும்தான் இருந்தான். காலையில் அவன் ரயிலுக்குப் போகும்போது நான் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பேன். வெயில் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற மாதிரி நிற்பேன். தெருவில் நாலு பேர் அவனைப் பார்க்கிறார்களா என்றுதான் உண்மையில் பார்ப்பேன்.

கல்யாணம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே போனான். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் வார்த்தை. அம்பாங் பக்கம் ஒரு துரை ஊருக்குத் திரும்பிப் போனபோது வீட்டுச் சாமான்களை லேலாங்கில், ஏலத்தில் விட்டார்கள். எல்லாரும் நாற்காலியும் பீங்கானும் எடுத்தபோது இவன் மட்டை கிழிந்த ஒரு தடிமனான அகராதியை எடுத்துக்கொண்டு வந்தான். அதை வைத்துக்கொண்டு, இப்போது யாரும் பேசாத பழைய இங்கிலீஷ் வார்த்தைகளாகப் பொறுக்க ஆரம்பித்தான். சும்மா இல்லை. ஓ, யு, ஜி, எச், இந்த நாலு எழுத்தும் இதே வரிசையில் ஒட்டி நிற்கிற வார்த்தைகள் மட்டும்.

"வெள்ளைக்காரனே தூக்கிப் போட்ட வார்த்தைடா. நீ எதுக்குப் பொறுக்குற?" என்று கேட்டேன்.

"உங்க மிஷின் மட்டும் என்ன அண்ணே? அதுவும் அவன் தூக்கிப் போட்டதுதானே."

என் மனைவி அடுப்படியில் சிரித்தது கேட்டது.

அவன் விளக்கும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும். மரங்களுக்குள் காற்று புகுந்து போகும்போது பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வருமே, அதற்கென்று ஒரு வார்த்தை. செங்குத்தான இடுக்குப் பள்ளத்தாக்குக்கு ஒன்று. கால் சிவந்த காக்கைக்கு ஒன்று. குதிரையின் பின்னங்கால் மடிப்புக்கு ஒன்று. பாம்பு உரித்துப் போட்ட சட்டைக்கு ஒன்று. ஒரு ஏர் பூட்டி ஒரு வருஷத்தில் உழக்கூடிய நிலத்துக்கு ஒன்று. எல்லாவற்றிலும் அதே நாலு எழுத்து. ஆனால் ஒரு வார்த்தையில் அது 'அஃப்' என்று சத்தம் போடுமாம், இன்னொன்றில் 'அவ்' என்னுமாம், இன்னொன்றில் 'ஆக்' என்னுமாம். "ஒரே வீட்டுல பிறந்து ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி பேசுது பாருங்க அண்ணே," என்பான். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான், ஈயம் ஸ்டிக்கில் விழுகிற சத்தம்.

வார்த்தைகள் நூற்றுக்கு மேலே சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் தமிழில் அர்த்தம் எழுதி, ஒரு நோட்டுப் புத்தகம் நிறைத்தான். அதை எட்டுப் பக்கப் புத்தகமாகப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டான். நான் சரி சரி என்பேன். தோட்டத்து வேலை வரும், கல்யாண மாதம் வரும், தள்ளிப்போகும். இரண்டு வருஷம் தள்ளிப்போனது.

பிறகு அவனுக்கு இருமல் வந்தது. முதலில் பட்டறைப் புகை என்றோம். ஒருநாள் கைக்குட்டையை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்த வேகத்தைப் பார்த்து, பிடுங்கி விரித்தேன். ரத்தம். டாக்டருக்கு அடுத்தபடியான டிரெஸர் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நெஞ்சு நோய்க்காரர்களைத் தனியாக ஒரு நீள வார்டில் போட்டிருந்தார்கள். சாயந்திரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை பார்க்கலாம்.

அங்கே கட்டிலில் சாய்ந்துகொண்டு சிரித்தபடி சொன்னான், "இருமலுக்கு இங்கிலீஷ்ல என்ன வார்த்தை தெரியுமா அண்ணே? அதுலயும் அதே நாலு எழுத்துதான். ஆனா லிஸ்டுல சேக்கல. எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "அண்ணே, நான் போனா ஆபீஸ்ல என் நாற்காலிக்கு மறுநாளே ஆள் வந்துடும். இந்தப் புத்தகம் ஒண்ணுதான் நானா செஞ்சது. அச்சுல ஒரு தடவை கண்ணால பாத்துட்டா போதும். முழுசா முடியாட்டியும் பரவால்ல. பாத்து, தப்பு இருந்தா திருத்திக் குடுத்துடுறேன்."

"என் கையில தப்பு எங்கடா வரும்?" என்றேன்.

"வராது. இருந்தாலும் நான் பாக்கணும்."

அன்றைக்கே ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகுதான் அந்த லிஸ்டின் கொடுமை புரிந்தது. என்னிடம் புத்தகத்துக்கு ஏற்ற அளவில் ஒரே ஒரு கேஸ் இங்கிலீஷ் எழுத்துதான் இருந்தது. அச்சு எழுத்து விற்கிறவன் எல்லா எழுத்தையும் ஒரே அளவாகக் கொடுக்க மாட்டான். அடிக்கடி வருகிற எழுத்து நிறைய இருக்கும், ஜி கொஞ்சம்தான் இருக்கும், யு அதைவிடக் கொஞ்சம் கூட. சாதாரண வேலைக்கு அது தாராளம். இவன் லிஸ்டிலோ வரிக்கு வரி ஜி, வரிக்கு வரி யு. இரண்டு பக்கம் முடித்தபோது ஜி பெட்டியில் விரல் மரத்தில் இடித்தது. இரண்டு பக்கத்தைக் கோத்து, அவன் பார்த்துத் திருத்தி, அடித்து முடித்து, கலைத்து எழுத்தைப் பெட்டிகளில் போட்டால்தான் அடுத்த இரண்டு பக்கம். இப்படி நாலு தடவை.

ஒருநாள் காலை பத்து மணிக்கு முதல் இரண்டு பக்கமும் முடிந்து, கயிறு சுற்றிக் கட்டி, கல்மேஜையில் இருந்தன. மை தடவி ஒரு தாளை வைத்து அழுத்திப் புரூப் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஐந்து நிமிஷ வேலை.

அப்போது வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. ஒரு துரை இறங்கி உள்ளே வந்தார். ஆள் அனுப்பவில்லை, தானே வந்தார். கூட ஒரு கிராணி, மொழிபெயர்க்க. அவர்கள் கிளப்பில் ஊருக்குப் போகிற ஒரு பெரிய அதிகாரிக்கு விருந்து. அதற்குச் சாப்பாட்டு அட்டையும் நிகழ்ச்சித் தாளும் மறுநாளைக்குள் வேண்டும். இதே அளவு எழுத்தில் வேண்டும். தமிழன் அச்சுக்கூடத்தில் சுத்தமாகச் செய்கிறான் என்று கேள்விப்பட்டு வந்தாராம். எனக்குக் கை கொடுத்தார். எதிர்க் கடைக்காரன் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும்.

ஜி பெட்டி காலி. கிராணி கேட்டான், "முடியுமா, முடியாதா? துரை நிக்கிறார்."

முடியாது என்ற வார்த்தை என் வாயில் வந்ததில்லை. தம்பியின் பக்கத்துக் கயிற்றை அவிழ்த்தேன். புரூப் எடுத்துவிட்டுக் கலைத்திருக்கலாம். ஐந்து நிமிஷம் துரை நின்றிருப்பார், ஒன்றும் குடி முழுகியிருக்காது. ஆனால் என் கை வேகத்தை அவர் பார்க்கட்டும் என்று எனக்கு ஒரு ஆசை. வரி வரியாக எடுத்து, பெட்டிகளைப் பார்க்காமலே எழுத்துகளை விசிறினேன். ஒவ்வொன்றும் தன் பெட்டியில் போய் விழுந்தது. துரை ஏதோ சொன்னார். "பியானோ வாசிக்கிற மாதிரி இருக்காம்," என்றான் கிராணி. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு நாளில் கோத்ததை மறுபடி ஒரே நாளில் கோக்க மாட்டேனா என்ற திமிர் வேறு.

கிளப் வேலையைக் கோத்து முடித்தேன். மறுநாள் காலையில் கிராணி வந்தான். அதிகாரி ஏற வேண்டிய கப்பல் தாமதமாம், விருந்து தள்ளிப்போகிறதாம், தேதி பிறகு சொல்வார்களாம், அதுவரை அச்சைக் கலைக்காமல் அப்படியே வை என்று துரை சொன்னாராம். என் ஜி எல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டது.

கிள்ளானில் என் பழைய முதலாளியிடம் இதே அளவு எழுத்து இருந்தது. ரயில் ஏறினால் மத்தியானத்துக்குள் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் அவரிடம் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவன் நான். "ஒருநாள் நீர் என்கிட்ட வந்து வேலை கேப்பீர்" என்று சொல்லிவிட்டு வந்தவன். என் கேஸில் ஜி இல்லை என்று அவர் வாசலில் போய் நிற்கிறதா? நிற்கவில்லை.

பக்கத்தைக் கலைத்த முதல் நாள் சாயந்திரம் தம்பி கேட்டபோது, "மை இன்னும் காயலடா," என்றேன்.

இரண்டாம் நாளும் அதையே சொன்னேன். அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டான்.

"புரூபுக்கு மை காயணுமா அண்ணே?"

அச்சுக்கூடத்தில் வளர்ந்த பிள்ளையிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். நடந்ததைச் சொன்னேன். துரை, மோட்டார், கலைத்தது, கப்பல், எல்லாம். பியானோ என்று சொன்னதைச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தம்பி மெதுவாகக் கேட்டான், "அப்ப என் ஜி எல்லாம் இப்ப கிளப்புல இருக்கா?"

"ஆமாடா."

"அங்க என்ன பண்ணுது?"

"சாப்பாட்டுப் பட்டியல்."

"போகட்டும் அண்ணே. இத்தனை வருஷம் பாம்புச் சட்டை, செங்கால் காக்கைன்னு கெடந்துச்சு. கொஞ்சம் நல்லா சாப்பிடட்டும்."

சிரிக்கப் போனான், இருமல் வந்துவிட்டது. நிற்கவே இல்லை. ஆயா வந்து என்னைப் போகச் சொன்னாள். அவன் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல். கண் திறந்திருந்தது, பேசவில்லை. வார்டு டிரெஸர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, வீட்டுப் பெண்கள் யாராவது பார்க்க வேண்டுமானால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நாலாம் நாள் மனைவியைக் கூட்டிப் போனேன். அவள் கொண்டுபோன கஞ்சியில் இரண்டு கரண்டி இறங்கியது.

ஐந்தாம் நாள் விடிந்ததும் கிளப் கிராணி தேதியோடு வந்தான். தேதியை மாற்றி அச்சடித்துக் கொடுத்து, அந்த அச்சைக் கலைத்து, தம்பியின் நோட்டுப் புத்தகத்தை முன்னால் சாய்த்து வைத்துக் கோக்க ஆரம்பித்தேன். சாப்பிடவில்லை. கை நாலு பெட்டிக்கும் தானாகப் போய் வந்தது, ஓ, யு, ஜி, எச். இரண்டு நாள் வேலையை நாலு மணிக்குள் முடித்தேன். அந்த வேகத்தில் அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கோத்ததில்லை. கோத்ததைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. புரூப் எடுத்து, ஈரத்தோடு இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினேன்.

வார்டுக்குள் நுழைந்தபோது அவன் கண்ணை மூடியிருந்தான். "தம்பி, பக்கம் கொண்டாந்துட்டேன்," என்றேன். கண்ணைத் திறந்தான். தலையணைக்கு அடியில் கை போனது. அங்கே ஆபீஸ் இங்க் பென்சில் ஒன்று வைத்திருந்தான், எச்சில் தொட்டால் ஊதாவாக எழுதுமே, அது. ஐந்து நாளாக அதை அங்கேயே வைத்திருந்திருக்கிறான். நான் அவன் முதுகுக்குக் கை கொடுத்து நிமிர்த்தினேன். தாளைப் பிடித்துக் காட்டினேன். பென்சில் முனையை உதட்டில் வைத்து ஈரமாக்கிக்கொண்டான்.

ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் வரி வரியாக இறங்கியதா, ஒரே இடத்தில் நின்றதா, எனக்குத் தெரியாது. நான் பக்கவாட்டில் இருந்தேன், அவன் இமை மட்டும்தான் தெரிந்தது. பிறகு கை மேலே வந்தது. முதல் பக்கத்தில், ஓரத்தில், பாதிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கோடு இழுத்தான். கோட்டின் முனையில் ஒரு சுழி. அவ்வளவுதான். பென்சில் போர்வைமேல் விழுந்தது.

"மை நல்லா விழுந்திருக்கு அண்ணே," என்றான்.

அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். ஆறு மணிக்கு மணி அடித்தார்கள், வந்துவிட்டேன். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி ஆள் வந்து சொன்னான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். புரூபில் திருத்தம் போட்டுக் கொடுத்தால் அதைச் செய்யாமல் அச்சடிக்கக் கூடாது. என் அச்சுக்கூடத்தில் அது மாறாத வழக்கம். குறி விழுந்த வரி இருபத்து மூன்றாவது வரி, மரத்துக்குள் காற்று போகிற சத்தம். அந்த வார்த்தையை நோட்டுப் புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அர்த்தம் தமிழ், அது எனக்கே படிக்கத் தெரியும், அதுவும் சரியாக இருந்தது. என் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கும் என்று பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த ஒரு இங்கிலீஷ் வாத்தியாரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பழைய அகராதி ஒன்றை எடுத்தும் பார்த்தார்.

"வார்த்தை சரியா இருக்கு. அர்த்தமும் சரி. இந்தக் குறி, எடுத்துடுன்னு சொல்ற மாதிரியும் இருக்கு, என்னமோ சேக்கணும்னு சொல்ற மாதிரியும் இருக்கு. உடம்பு முடியாதவர்ங்கிறீங்க. கை நழுவி இழுத்திருக்கும். விட்டுட்டு அச்சடிங்க."

"அவன் கிராணி சார். கை நழுவாது," என்றேன்.

அவர் தாளை மடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் பெரிய ஆளானேன். மூன்று இயந்திரம் ஓடியது, கிள்ளானிலும் ஒரு கிளை வைத்தேன், இங்கிலீஷ் எழுத்து ஆறு கேஸ் வாங்கினேன். தம்பியின் இரண்டு பக்கத்தை மட்டும் கலைக்கவில்லை. கயிறு கட்டியபடி உள் அறைப் பலகையில் இருக்கிறது. மீதி ஆறு பக்கத்துக்கு நோட்டுப் புத்தகம் இருக்கிறது, இப்போது எழுத்துக்கும் குறைவில்லை. "கோத்து முடிச்சிடுங்களேன், அவரு கேட்டதுதானே," என்று மனைவி வருஷத்துக்கு ஒரு தடவை சொல்வாள். திருத்தம் என்னவென்று தெரியாமல் எப்படி அடிப்பது என்பேன்.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். வாத்தியார் சொன்னது போல அது கை நழுவிய கோடு என்றால், தம்பி அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை. காய்ச்சலில் வெறும் கறுப்பு வெள்ளையைப் பார்த்துவிட்டு, அண்ணன் வருத்தப்படக் கூடாதென்று மை நன்றாக விழுந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். அது நிஜமாகவே திருத்தம் என்றால், இருபத்து இரண்டு வரி படித்து இருபத்து மூன்றாவது வரியில் என் தப்பைப் பிடித்திருக்கிறான்.

கதவைச் சாத்திக்கொண்டு அந்த வரியை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். தாளில் பார்க்கிறேன், ஈயத்தில் தலைகீழாகவும் பார்க்கிறேன். ஒரு எழுத்து சாய்ந்திருக்கிறதா, வேறு அளவு எழுத்து ஒன்று கலந்திருக்கிறதா, இடைவெளி கூடியிருக்கிறதா என்று விரலால் தடவியும் பார்க்கிறேன். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு என் கையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று தேடுகிறேன். இன்னும் கிடைக்கவில்லை.